கூடத்தில் கேட்ட நெஞ்சடிப்பு

அத்தியாயம் பதினான்கு

ரெஷ்மா யாரிடமும் சொல்லவில்லை. கணவன் சிபினிடம்கூட.

பதின்மூன்று வாரம் ஆகியிருந்தது. டாக்டர் விலாசினிக்கு மட்டும் தெரியும். முதல் பிள்ளை ஒன்பதாம் வாரத்தில் போனது. இரண்டாவது பதினொன்றாம் வாரத்தில். இரண்டாவதைப் பற்றித்தான் அவளால் இன்னும் பேச முடியவில்லை.

அப்போது மாமியார் மார்கிரெட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயிலுக்குப் போய், சிபினின் பிள்ளைக்காக நான்கு ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டுதல் எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் ஞாயிறு கழிந்த வாரத்தில் பிள்ளைக்கு நெஞ்சடிப்பு இல்லை என்றார்கள். எழுதிக் கொடுத்ததை வெட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் ஞாயிறு காலை, 'ரெஷ்மாவின் வயிற்றில் வளரும் குழந்தைக்காக' என்று பங்குச் சாமியார் மைக்கில் வாசித்தார். ரெஷ்மா ஐந்தாவது பெஞ்சில் இருந்தாள். அந்தக் கோயிலின் குழாய் ஸ்பீக்கர் கடற்கரைவரை கேட்கும்.

அடுத்த வாரமே அவளும் சிபினும் திருப்புறத்தில் வாடகை வீடு பார்த்து வந்துவிட்டார்கள். ஏழு மாதம் ஆயிற்று. மாமியாரும் மருமகளும் பிறகு பேசவில்லை.

சிபின் ஆழ்கடல் மீன்பிடிப் படகில் போய் எட்டு நாள் ஆகிறது. போனில் ரேஞ்ச் இல்லை. அதுவும் நல்லதற்குத்தான் என்று அவள் நினைத்தாள். இன்று புதன்கிழமை. இன்று நெஞ்சடிப்பு கேட்டுவிட்டால் அவனிடம் சொல்லலாம். கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை.

*

டாக்டர் விலாசினியின் ஆஸ்பத்திரியில் ஒரு கூடம், ஒரு பரிசோதனை அறை, ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் கூடத்தின் மூலையில் ரெஷ்மாவின் மேசைமேல் இருக்கிறது. சுவரில் துளை போட்டு இரண்டு வயர் அறைக்குள் போகின்றன. ஒன்று, வயிற்றின்மேல் வைத்து நெஞ்சடிப்பைப் பிடிக்கும் கருவிக்கு. மற்றது, டாக்டரின் ஹெட்போனுக்கு. மூன்றாவது வயர் கூடத்து டிவிக்கு. அதில் டோக்கன் எண் வரும்.

அறை பிறகு சேர்த்துக் கட்டியது. மேலே தகரம். மழை பெய்தால், கதவு மூடியிருக்கையில் கூடத்துச் சத்தம் உள்ளே கேட்காது.

டாக்டருக்கு ஒரு முறை உண்டு. பிள்ளையின் நெஞ்சடிப்பை முதலில் அவர் மட்டும் ஹெட்போனில் கேட்பார். கேட்டால், கழற்றித் தாயின் காதில் வைப்பார். கேட்காவிட்டால் வைக்கமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்வார். வெறும் அமைதியை ஒரு தாய் தன் காதால் கேட்கக்கூடாது என்பார்.

அந்த முறை கெடாமல் பார்ப்பது ரெஷ்மாவின் வேலை. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில் ஓடுகிறது. டிவி அப்படியில்லை. கரண்ட் போய் வந்து டிவியைப் போட்டால், புதிதாக ஒன்று வந்து சேர்ந்ததாகக் கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். சத்தத்தை ஹெட்போனிடமிருந்து எடுத்து டிவிக்குக் கொடுத்துவிடும். ரெஷ்மா உடனே பட்டியலைத் திறந்து ஹெட்போனைத் தேர்ந்தெடுப்பாள். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவள் கை தவறியதில்லை.

*

ஒன்பதரைக்கு மார்கிரெட் குடையை மடக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள்.

கூடவே மினி. மார்கிரெட்டின் பக்கத்து வீட்டு மருமகள். பதினான்கு வாரம். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறான். துணைக்கு ஆள் இல்லை என்று மார்கிரெட் வந்திருக்கிறாள்.

மூவரும் மேசைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக நின்றார்கள்.

"மினி, டோக்கன் எத்தனைண்ணு கேளு," என்றாள் மார்கிரெட்.

"மினி, பதினொண்ணுண்ணு சொல்லு," என்றாள் ரெஷ்மா.

"எப்பம் கூப்பிடுவினும்ணு கேளு."

"மழையில டாக்டர் வர தாமசிச்சு. பதினொரு மணி ஆவும்ணு சொல்லு."

மினி இருவரையும் பார்த்தாள்.

"நான் டாக்டரப் பாக்க வந்தேனா, தபால் குடுக்க வந்தேனா?"

மார்கிரெட் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். ரெஷ்மாவின் மேசை நேராகத் தெரியும் நாற்காலி.

பத்தாவது டோக்கன் முடிந்ததும் டாக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"ரெஷ்மா, இஞ்ச வா. வயர் எங்கயோ இளகிக் கிடக்கு."

அது அவர்கள் முன்பே பேசி வைத்தது.

ரெஷ்மா நர்ஸ் பிந்துவை அழைத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "வயரு நோக்கியிட்டு வாறேன். உள்ள இருந்து மணி அடிச்சா இந்தப் பட்டன அமத்து, கருவி ஓடும். வேற ஒண்ணும் தொடண்டாம்."

"தொட்டா வெடிக்குமோ?" என்றாள் பிந்து.

*

கதவு மூடியது. மழை தகரத்தின்மேல் கொட்டியது.

"டாக்டரே, இன்னைக்கு வேண்டாம். மாமி வெளிய இருக்கு."

"பரிசோதனை உனக்கா, உனக்க மாமிக்கா?"

"ரெண்டாவதுக்கும் இதே கட்டிலாக்கும்."

"அதுக்கு நான் கட்டில விக்கவா? கெட மோளே."

ரெஷ்மா படுத்தாள். டாக்டர் மணியை அழுத்தினார். அதே நேரம் விளக்கு அணைந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மீண்டும் எரிந்தது. மூன்று வருடமாக அந்த நொடியில் எழுந்து கம்ப்யூட்டரிடம் ஓடிய பெண், ஜெல்லின் குளிர்ச்சி வயிற்றில் பட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது நினைவே இல்லை.

டாக்டர் ஹெட்போனை மாட்டிக் கருவியை வைத்தார்.

ரெஷ்மா கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த முகம் அவளுக்குத் தெரியும். பார்க்காதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டு பார்த்தாள்.

டாக்டர் கருவியை இடப்பக்கம் நகர்த்தினார். பிறகு கீழே. ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். மீண்டும் மேலே. ஓரிடத்தில் நிறுத்தினார். வெகுநேரம் நிறுத்தினார்.

பிறகு, கருவியைப் பிடித்த கையை எடுக்காமலே, காலால் நாற்காலியை இழுத்தார்.

உட்கார்ந்தார்.

ரெஷ்மா கூரையைப் பார்த்தாள். ஆணிகளை எண்ணினாள். சிபினுக்குச் சொல்லாதது நல்லதாயிற்று என்று நினைத்தாள். அதை நினைத்த பிறகுதான் அழுகை வந்தது.

டாக்டரின் மற்ற கை அவள் கையைப் பிடித்தது.

*

அதே இரண்டு நிமிடம் கூடத்தில் வேறு மாதிரி நடந்தது.

மணி அடித்ததும் பிந்து பட்டனை அழுத்தியிருந்தாள். கரண்ட் போய் வந்ததும் பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. "டிவியப் போடு பிள்ளே, டோக்கன் தெரியாண்டாமா?" பிந்து மேசையை விட்டு எழுந்து ரிமோட்டோடு வந்தாள். டிவி எரிந்தது. பத்து என்ற எண் வந்தது.

எண்ணுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

தண்ணீருக்குள் நின்று யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுவதுபோல இருந்தது. நிற்காமல் தட்டியது.

"டிவி கேடாச்சு," என்றார் எலியா. கடற்கரையில் வலை வைத்திருப்பவர். மகளோடு வந்திருந்தார். மார்கிரெட்டின் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான்.

"கரண்ட் கூடிப்போச்சோ என்னவோ. அணை, அணை. இல்லேங்கி எரிஞ்சுபோவும்," என்றார் அவரே.

வெள்ளறடையிலிருந்து வந்த ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"அணைக்கண்டாம்."

"நீ என்ன, டிவி மெக்கானிக்கா?" என்றார் எலியா.

"ரெண்டு பெத்தவளாக்கும் நான். இது பிள்ளைக்க நெஞ்சு."

சத்தம் கூடத்தை நிறைத்தது. நாற்காலிகளின் அடியில் போனது. சுவரில் பட்டுத் திரும்பியது. சிப்ஸ் தின்றுகொண்டிருந்த ஒரு குழந்தை கையைப் பையிலிருந்து எடுக்காமல் மேலே பார்த்தது. யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றினார். எதற்கென்று அவருக்கே தெரியாது. வெள்ளறடைப் பெண் எழுந்து நின்றாள். பின்னால் ஒருவர் எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். கோயிலில் நற்செய்தி வாசிக்கும்போது எழுவதுபோல. கோயிலுக்கே போகாதவர்களும் எழுந்தார்கள்.

சத்தம் ஒருமுறை மெலிந்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். மீண்டும் வந்தது. இப்போது இன்னும் தெளிவாக.

எலியா போனை உயர்த்திப் பிடித்துச் சத்தத்தைப் பதிவு செய்தார்.

"உள்ள இப்பம் ஆரு?" என்று யாரோ மெல்லக் கேட்டார்.

"ஆரும் இல்ல," என்றாள் மினி. "பத்து வெளிய வந்தாச்சு. பதினொண்ணு நானாக்கும். நான் இஞ்ச இருக்கேன்."

மார்கிரெட் ரெஷ்மாவின் மேசையைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. மருமகள் உள்ளே போனதை அவள் பார்த்திருந்தாள். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பிந்துவும் அதே நேரத்தில்தான் கணக்கைப் போட்டு முடித்தாள். உள்ளே டாக்டர். உள்ளே ரெஷ்மா. வேறு யார்? ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

*

கதவு திறந்தது. பிந்து கதவை முழுதாகத் தள்ளித் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மழைக்கு மேலாக அந்தச் சத்தம் உள்ளே வந்தது.

டாக்டர் தலையைத் திருப்பினார். ரெஷ்மா கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். முதலில் எது என்று புரியவில்லை. டாக்டரின் கை வயிற்றில் சற்று நழுவியது. வெளியே சத்தம் நழுவியது. டாக்டரின் கை திரும்ப வந்தது. வெளியே சத்தம் திரும்ப வந்தது.

"டிவிக்குப் போயிருக்கு," என்றாள் ரெஷ்மா.

"என்ன?"

"சத்தம் டிவிக்குப் போயிருக்கு டாக்டரே. கரண்ட் போயி வந்துல்லா. நான் மாத்தல்ல."

டாக்டர் ஹெட்போனைக் கழற்றினார். அதைப் பார்த்தார். பிறகு காலால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். முப்பது வருடம் இந்த வேலை செய்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கதவ அடைக்கட்டா?"

ரெஷ்மா கதவைப் பார்த்தாள். கூடம் முழுதும் நின்றுகொண்டிருந்தது. தெரியாத முகங்கள். வாசற்படிக்கு அந்தப்பக்கம் மார்கிரெட் நின்றாள். படியைத் தாண்டவில்லை. இரண்டு கையாலும் குடையைப் பிடித்திருந்தாள்.

ஏழு மாதத்துக்கு முன் மைக்கில் அவள் பிள்ளையைப் பற்றி ஊருக்குச் சொன்னார்கள். அன்று அங்கே பிள்ளை இல்லை. இன்று பிள்ளையே ஊருக்குச் சொல்கிறது.

"கொஞ்சம் நேரம் கெடக்கட்டு," என்றாள். "எனக்கும் கேக்கணும்."

கேட்டாள். அந்த நெஞ்சடிப்பு அவளிடம் அனுமதி கேட்டு ஓடவில்லை. அவள் பயந்தபோதும் ஓடியிருக்கிறது. ஆணிகளை எண்ணியபோதும் ஓடியிருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அவள் மீண்டும் வாசலைப் பார்த்தபோது மார்கிரெட் அங்கே இல்லை.

*

மார்கிரெட் முதல் வரிசையின் முதல் நாற்காலிக்குப் போயிருந்தாள்.

"இஞ்ச கேட்டத வெளிய சொல்லண்டாம்," என்றாள். "ஆருட்டயும்."

அடுத்த நாற்காலி. "சொல்லண்டாம், கேட்டியா மக்கா."

அடுத்தது.

"எனக்கு அவ ஆருண்ணே தெரியாதே," என்றாள் வெள்ளறடைப் பெண்.

"தெரியாட்டியும் சொல்லண்டாம்."

சிலர் தலையாட்டினார்கள். ஒரு பெண் மார்கிரெட்டின் கையைப் பிடித்து அழுத்தினாள். சிப்ஸ் தின்ற குழந்தையிடமும் அவள் குனிந்து சொன்னாள். குழந்தை ஒரு சிப்ஸை நீட்டியது. வாங்கிக்கொண்டாள்.

இருபத்தாறு நாற்காலி. ஒன்றையும் அவள் விடவில்லை. பிந்து இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இது எத்தனை அதிசயம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. பங்கில் ஒரு செய்தியை மார்கிரெட் அரை மணிநேரம் வயிற்றில் வைத்ததாகச் சரித்திரம் இல்லை என்று பிந்து கேள்விப்பட்டிருக்கிறாள்.

கடைசி வரிசையில் எலியா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"எலியா, நீயும்."

"மார்கிரெட்டே, ஒரு தப்பு பற்றிப்போச்சு."

"என்ன?"

"ஆருக்க பிள்ளைண்ணு தெரியாதுல்லா. கேட்டப்பம் உடம்பு பூரா சிலிர்த்துப்போச்சு. பங்கு வாட்ஸ்அப் குரூப்பில போட்டுட்டேன்."

"எலே! அழி அத."

"அழிக்கலாம். நாப்பது பேரு கேட்டாச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "பேரு ஒண்ணும் போடல்ல. சத்தம் மட்டும்தான். திருப்புறத்து ஆஸ்பத்திரியாக்கும்ணு எழுதியிருக்கேன். ஆமென் போட்டு முப்பது பேரு எழுதியிருக்கினும்."

மார்கிரெட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

*

ரெஷ்மா முகம் கழுவிவிட்டுத் தன் மேசைக்கு வந்தாள்.

டாக்டர் பின்னாலேயே வந்தார். "இது இனியும் டிவிக்குப் போவுமா?"

"போவும். ஒவ்வொரு தடவையும் நான் மாத்துவேன்."

"நீ இல்லாத அன்னைக்கு?"

ரெஷ்மா பட்டியலைத் திறந்தாள். ஹெட்போன். டிவி. இரண்டு பெயர்கள். இத்தனை நாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தாள். மற்றதற்குச் சத்தம் போகாமல் அடைத்து வைத்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. எந்தக் கம்ப்யூட்டர் கடைப் பையனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். தான் இருக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டாள்.

"அடைக்கப் போறியா?" வெள்ளறடைப் பெண் மேசையருகே வந்து நின்றாள். "இருக்கட்டும் பிள்ளே. அடுத்ததையும் கேக்கட்டு. எனக்க முட்டுவலி போயாச்சு."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். ஆமாம், ஆமாம் என்றார்கள்.

ரெஷ்மா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். மினி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அடுத்தது அவள்தான்.

"அடுத்தது துடிச்சாத்தான் கேக்கும்," என்றாள் ரெஷ்மா.

வெள்ளறடைப் பெண் மினியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போனாள்.

ரெஷ்மா டிவியின் பெயர்மேல் அழுத்தினாள். அடைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அடைத்தாள். பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. சோதிக்க வேண்டும் என்று பிந்துவிடம் சொன்னாள். பிந்து டிவியை அணைத்துப் போட்டாள். மீண்டும் அணைத்துப் போட்டாள். எண் மட்டும் வந்தது. பதினொன்று.

மினி உள்ளே போனாள். மணி அடித்தது. ரெஷ்மா பட்டனை அழுத்தினாள்.

கூடம் அமைதியாக இருந்தது. எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

ரெஷ்மாவின் திரையில் மட்டும் ஒரு கோடு. நேராகப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. பிறகு எழும்பியது. விழுந்தது. எழும்பியது.

அவள் முகத்தை அசைக்கவில்லை. அந்தச் செய்தி முதலில் மினிக்குப் போக வேண்டியது. மினி கேட்ட பிறகு மற்றவர்கள்.

*

மார்கிரெட் மேசையருகே வந்து நின்றாள். இடையில் இப்போது மினி இல்லை.

"நான் ஆருட்டயும் சொல்லல்ல," என்றாள்.

"பாத்தேன் மாமி."

"எலியா சொன்னதுக்கு நான் என்ன செய்ய?"

"அவரு எனக்க பேரு போடல்லல்லா."

"சிபினுக்குத் தெரியுமா?"

ரெஷ்மா இல்லை என்று தலையசைத்தாள். மகனுக்கு முன்னால் மார்கிரெட்டுக்குத் தெரிந்துவிட்டது. அது அவளுக்குப் பாரமாக இருந்தது.

மேசைமேல் போன் அடித்தது. சிபின்.

"ரெஷ்மா, ரேஞ்சு வந்தாச்சு. கர தெரியுது. இன்னும் ரெண்டு மணிக்கூர்." எஞ்சின் சத்தத்தின் மேலாக அவன் கத்தினான். மார்கிரெட்டுக்கும் கேட்டது. "சுகந்தானே?"

"சுகம்."

"எலியா மாமன் குரூப்பில ஒண்ணு போட்டிருக்காரு. ஒரு பிள்ளைக்க நெஞ்சடிப்பு. திருப்புறம்ணு எழுதியிருக்கு. நீ வேல பாக்குற எடமா?"

"ம்."

"நாங்க ஏழு பேரும் ஒருமிச்சு கேட்டோம். நம்ம சஜு உண்டுல்லா, கெட்ட வார்த்த இல்லாம வாய் தொறக்காத பய. அவன் ஐஸ் பெட்டி மேல இருந்து அழுதான். நான் பின்னயும் பின்னயும் போட்டுக் கேக்கேன். நம்மளுக்க ரெண்டுக்கும் நான் கேட்டதே இல்லல்லா."

ரெஷ்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆருக்க பிள்ள அது? உனக்குத் தெரியுமா?"

அவள் மார்கிரெட்டைப் பார்த்தாள். மார்கிரெட் திரும்பி நடந்தாள். கூடத்தின் மறுகோடிக்கு. காதுக்கு எட்டாத தூரம்வரை போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"இஞ்சேருங்க," என்றாள் ரெஷ்மா. "எஞ்சின நிறுத்தச் சொல்லுங்க."

"என்னத்துக்கு?"

"நிறுத்தச் சொல்லுங்க. ஆருக்க பிள்ளைண்ணு பொறவு சொல்லுதேன்."

சிபின் யாரையோ கூப்பிடுவது கேட்டது. யாரோ ஏதோ திட்டினார்கள். பிறகு எஞ்சின் இருமியது, தணிந்தது, நின்றது.

மறுமுனையில் கடல் மட்டும் இருந்தது. அதில் ஏழு பேர் காத்திருந்தார்கள்.